இ, ம, வ

மின்கட்டண பில்லின் பின்பக்கம் கோடு போட்டு
குளிர்ப்பெட்டியில் ஒட்டியிருக்கிறேன்.
மூன்றே எழுத்துகள் மாறி மாறி:
இ, ம, வ.
இடம். மல்லாக்க. வலம்.
இரண்டு மணிக்கு ஒன்று.

வலம் என்றால் நாகேந்திரனுக்குக் கடல்.
ஜெலுத்தோங், பதினோராவது மாடி.
பாலம், பாலத்தின் மேல் லோரிகள்,
அக்கரையில் பட்டர்வொர்த்தின் பாரந்தூக்கிகள்.
மல்லாக்க என்றால் காற்றாடி.
இடம் என்றால் சுவர்,
நகைக்கடை நாள்காட்டி, வால் அறுந்த ஒரு பல்லி.

கடல் பக்கம் படுத்தால் பேசுவார்.
"அந்தா, கோழி லோரி. விளக்கப் பாத்தாலே தெரியும்."
இத்தனை தூரத்தில் எப்படி என்று
ஒருநாளும் நான் கேட்டதில்லை.
இருபது வருஷம் ஓட்டிய பாலம்.
இப்போது தோளுக்குக் கீழே
அவருக்கு எந்தச் செய்தியும் எட்டுவதில்லை.

கிளினிக் மிஸ்ஸி ரோஹானா முதல் நாளே சொன்னாள்:
இழுக்காதே, விரிப்போடு தூக்கு.
முழங்கால் இடையில் தலையணை,
குதிகால் அந்தரத்தில் நிற்கட்டும்.
ஒரு தாளும் தந்தாள், படத்தோடு:
சிவந்த இடத்தை அமுக்கிப் பார்.
வெளுத்தால் பயமில்லை.
வெளுக்காவிட்டால் உடனே கூப்பிடு.

படத்திலிருந்தவன் வெள்ளைத் தோல்காரன்.
மாப்பிள்ளை என்ன நிறம் என்று கேட்ட அத்தைக்கு
தார் ரோடு, வழுக்காது என்றவள் நான்.
அந்தத் தோலில் சிவப்பை எங்கே தேட?
புறங்கை வைக்கிறேன்:
சுடுகிறதா,
பக்கத்துச் சதையைவிட இறுகிக் கிடக்கிறதா,
அழுகப்போகும் கொய்யாபோல் கொளகொளக்கிறதா.
பாயான் லெப்பாஸில் பதினெட்டு வருஷம்
பூதக்கண்ணாடிக்கடியில் தகடு பார்த்த கண்.
பிசிறிருந்தால் தனியே எடுத்து வை,
அவ்வளவுதான் அங்கே வேலை.

பதினொன்று, ஒன்று, மூன்று, ஐந்து.
அலாரத்துக்குச் சேவல் சத்தம்.
கோழி வளர்ப்பதாகப் பத்தாம் மாடிக்காரி
நகராண்மைக் கழகத்துக்கு எழுதப்போகிறாளாம்.

சண்டை போட்ட இரவுகளிலும் புரட்டியிருக்கிறேன்,
முகம் பார்க்காமல்.
"முதுகு எப்படிடி இருக்கு?"
"ஒண்ணுமில்ல, தூங்குங்க."
புரட்டு என்ற சொல்லுக்கு
இரண்டு பொருளும் அந்த நேரத்தில் சரி.

தீபாவளிக்கு முந்தின வாரம், எழுபது டப்பா முறுக்கு.
ஒரு மணிச் சேவலைக் கை தானே அடக்கியிருக்கிறது.
மூன்று மணிச் சேவலையும்.
கண் திறந்தால் சன்னல் வெளுத்திருந்தது.
கடலைப் பார்த்தபடியே விழித்திருந்தார்.
"கூப்பிட்டிருக்கலாமே!"
"அசந்து தூங்குனியே."

வலது இடுப்பெலும்பின் மேல்
ஐம்பது காசு அகலம்.
சுட்டது. பலகைபோல் இருந்தது.

ரோஹானா திட்டவில்லை.
திட்டியிருந்தால் தேவலை.
ஆறும்வரை இந்தப் பக்கம் வேண்டாம் என்றாள்.
தாளில் வ-வை அடித்தேன்.
இ, ம, இ, ம.
சுவர், காற்றாடி, சுவர், காற்றாடி.
நாலாம் நாள், "பல்லிக்கு வால் மொளைக்குது" என்றார்.
ஐந்தாம் நாள் அதுவும் சொல்லவில்லை.

ஆறாம் நாள் சோறு வடிக்கும்போது
கஞ்சி கையில் பட்டு, உதறி, நின்றேன்.
இதுவரை ஆளைத்தானே திருப்பினோம்?

அடுத்த வீட்டு ஆ ஹெங் வந்தார், மகனோடு.
அவரை விரிப்போடு சோபாவுக்கு மாற்றி
கட்டிலைத் திருப்பினோம்,
தலை இருந்த இடத்தில் கால் வரும்படி.
காற்று மெத்தையின் வயர் எட்டவில்லை.
நீட்டிப்பு வயர் தேடி அரை மணி.
அப்போதுதான் உறைத்தது, தலை இனி வடக்கே.
கூடாது என்பார்கள்.
ஆ ஹெங்குக்கு அந்தப் பயம் கிடையாது,
நானும் வாய் திறக்கவில்லை.

இடப்பக்கம் லேசாகச் சாய்த்து,
முதுகுக்கு ஒரு தலையணை செருகி,
விரிப்பின் சுருக்கத்தை நீவிவிட்டேன்.

வெகுநேரம் சத்தமே இல்லை.

"பாலத்துல ஜாம்டி" என்றார்.

தாளில் இ எழுதி நேரம் போட்டேன்: நாலு பத்து.
ஆறு பத்துக்கு ம.